முன்னால் வின்ச், பின்னால் கரை

உத்திரமேரூர் பக்கம் ஒரு வண்டி சேற்றில் புதைந்துவிட்டால் யாரும் வின்ச்சைத் தேடுவதில்லை, டிராக்டரைத்தான் தேடுவார்கள். பக்கத்து வயலில் கேஜ் வீல் மாட்டிச் சேடை ஓட்டிக்கொண்டிருப்பவர் இறங்கி வருவார். சங்கிலியைப் பூட்டுவார், ஒரே இழுப்பில் கரையேற்றிவிட்டுப் போய்விடுவார். டீசல் செலவுக்கு ஏதாவது கொடுத்தால் வாங்கிக்கொள்வார், சிலர் அதையும் வாங்க மாட்டார்கள். இப்படி ஒரு ஏற்பாடு ஊரில் இருக்கும்போது பிக்கப் வண்டிக்கு வின்ச் எதற்கு என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில், இருட்டிய பிறகு, ஏரி உள்வாயில் மாட்டிக்கொண்டவரின் கதை வேறு. அந்த நேரத்தில் டிராக்டர் கிடைக்காது. கிடைத்தாலும் சில இடங்களில் டிராக்டரும் சேர்ந்து புதையும், பிறகு இரண்டையும் எடுக்க ஜேசிபி வரவேண்டும். ஜேசிபி வந்து போன வரப்பு அடுத்த போகத்துக்குள் பழைய நிலைக்கு வராது.

கேள்வி இப்போது எழுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் இந்தப் பக்கம் பிக்கப் என்றால் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சரக்கு வண்டிதான்: நெல் மூட்டை, உரம், மாட்டுத் தீவனம். 2016இல் ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீசிட்டியில் தயாராகி இசுசு டி-மாக்ஸ் வி-கிராஸ் வந்தது. 2022இல் டொயோட்டா ஹைலக்ஸ் வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும் பிக்கப்கள் சென்னையிலிருந்து வார இறுதியில் தோட்டம் பார்க்க வருபவர்களோடும், கல்குவாரி, கிரஷர் வேலைக்காரர்களோடும் கிராமச் சாலைகளில் தென்பட ஆரம்பித்தன. அத்தகைய வண்டி வாங்கியவர் மனதில் அடுத்ததாக வந்து உட்காரும் பொருள் வின்ச். யூடியூபில் பார்த்ததெல்லாம் முன்பம்பரில், 12,000 பவுண்டு என்று எழுதியிருக்கும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும்.

அந்தக் கம்பீரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்புகளிலும் அதன்பின் வந்த லேண்ட் ரோவர்களிலும் எஞ்சினின் சுழற்சியையே எடுத்துக் கயிறு சுற்றும் வின்ச்சுகள் இருந்தன. 1948இல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய வார்ன் நிறுவனம் 1959இல் பேட்டரியில் ஓடும் வின்ச்சைத் தனியார் வண்டிகளுக்குக் கொண்டுவந்தது. இன்று சந்தையிலுள்ள பெரும்பாலானவை, எந்த நாட்டில் செய்திருந்தாலும், அந்த வழியில் வந்தவைதான். நம் நாட்டில் 2014 முதல் கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டி இந்தக் கருவியைப் பல இளைஞர்களுக்கு அறிமுகம் செய்தது. அங்கே காட்டுக்குள் வண்டி முன்னோக்கிப் போகிறது, முன்னால் மரம் நிற்கிறது, வின்ச்சும் முன்னாலேயே இருக்கிறது. எல்லாம் பொருந்துகிறது.

உத்திரமேரூரில் பொருந்துவதில்லை. இங்கே வண்டி புதையும் விதமே வேறு. தார்ச்சாலையிலிருந்தோ ஏரிக்கரையிலிருந்தோ வண்டி இறங்குகிறது, ஆயக்கட்டுக்குள் அல்லது உள்வாய்க்குள் நாலடி, பத்தடி போகிறது, புதைகிறது. கெட்டித் தரை பின்னால் இருக்கிறது. மரம் இருந்தால் அதுவும் பின்னால், கரைமேல்தான். முன்னால் இருப்பது களிமண்ணும் தண்ணீரும், தூரத்தில் ஒரு மோட்டார் கொட்டகையும். முன்பம்பரில் மாட்டிய வின்ச்சால் வண்டியை முன்னோக்கி மட்டுமே இழுக்க முடியும், அதாவது இன்னும் ஆழத்துக்கு. முன்வின்ச்சின் கயிற்றை வண்டிக்கு அடியில் விட்டுப் பின்னால் இழுத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆக்சில், பிரேக் பைப், சைலன்சர் எல்லாவற்றிலும் உரசிக்கொண்டு போகும் அந்தக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தவர்கள் இரண்டாவது முறை அதைச் செய்வதில்லை.

ஆகவே இந்த ஊரைப் பொறுத்தவரை எத்தனை பவுண்டு என்பது இரண்டாவது கேள்விதான். எந்தத் திசையில் இழுக்கப் போகிறோம், எதில் கட்டி இழுக்கப் போகிறோம் என்பவைதான் முதல் கேள்விகள். கடையில் இந்த இரண்டையும் யாரும் கேட்பதில்லை.

இருந்தாலும் பவுண்டைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் அங்கேதான். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு. வண்டியும் சரக்குமாக 3 டன் என்றால் 4.5 டன், அதாவது ஏறக்குறைய 10,000 பவுண்டு. இதில் எடை என்பது ஆர்.சி. புத்தகத்தில் சரக்கோடு சேர்த்துப் போட்டிருக்கும் எடை. வெறும் வண்டியின் எடையை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, புதைகிற அன்று பின்னால் முப்பது மூட்டை இருப்பதை மறந்துவிடுகிறோம்.

அந்த ஒன்றரை மடங்கும் சேற்றின் ஆழத்தைப் பொறுத்துத்தான் போதும், போதாது. அமெரிக்க ராணுவத்தின் வண்டி மீட்புக் கையேடுகளில் ஒரு பழைய விதி உண்டு. சக்கரத்தின் நடு அச்சுவரை புதைந்தால் இழுக்கத் தேவைப்படும் விசை வண்டியின் மொத்த எடைக்குச் சமம். டயர் மூழ்கி மட்கார்டுவரை போனால் இரண்டு மடங்கு. கேபின்வரை போனால் மூன்று மடங்கு. நம் 3 டன் வண்டி மட்கார்டுவரை போய்விட்டால் 6 டன் வேண்டும். களிமண் வண்டியின் அடிவயிற்றில் ஒட்டிக்கொண்டு உறிஞ்சிப் பிடிப்பதுதான் இதற்குக் காரணம். அதனால்தான் மண்வெட்டியை எடுத்து சக்கரத்துக்கு முன்னும் பின்னும் வெட்டிவிட்டு, அடியில் காற்று புகும்படி ஒரு வழி செய்துவிட்டு இழுத்தால் பாதி வேலை முடிந்துவிடுகிறது. வின்ச் பட்டனை அழுத்துவதற்கு முன் பத்து நிமிடம் மண் வெட்டுவதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

இனி வின்ச் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பிரித்துப் பார்ப்போம், உதாரணத்துக்கு 4.3 டன், அதாவது 9,500 பவுண்டு. அது டிரம்மில் கடைசிச் சுற்று, அடிச்சுற்று மட்டும் இருக்கும்போது கிடைக்கும் இழுவை. டிரம்மின் விட்டம் சுமார் 63 மில்லிமீட்டர், கம்பி 9 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கு ஏறும்போதும் டிரம் தடித்துக்கொண்டே போகிறது, மோட்டாரின் முறுக்குவிசையோ மாறுவதில்லை. நான்காவது அடுக்கில் இழுவை ஏறக்குறைய 57 சதவீதத்துக்கு இறங்கிவிடும்: 4.3 டன் 2.5 டன் ஆகிவிடும். அடி அடுக்கில் பிடிக்கும் கம்பியின் நீளம் 5, 6 மீட்டர்தான். அப்படியானால் பெட்டியில் அச்சிட்ட பலம் முழுதாகக் கிடைக்க 28 மீட்டர் கம்பியில் 22 மீட்டருக்கு மேல் வெளியே போயிருக்க வேண்டும். பக்கத்திலுள்ள பனைமரத்தில் எட்டு மீட்டர் கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டு ‘வின்ச் டூப்ளிகேட்டு’ என்று திட்டுவதில் பயனில்லை.

இதற்கு வழி, பெரிய வின்ச் வாங்குவதல்ல, ஒரு நல்ல கப்பி வாங்குவது. கயிற்றைக் கொண்டுபோய்க் கட்டுமிடத்தில் கப்பியில் மடக்கி, திரும்பக் கொண்டுவந்து வண்டியிலேயே மாட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிக்கும், வேகம் பாதியாகும். கூடவே கயிறு இரண்டு மடங்கு வெளியே போவதால் டிரம்மில் அடி அடுக்குகளுக்கு இறங்கிவிடுகிறோம், அந்த லாபமும் சேர்கிறது. மீட்பு வேலையில் வேகம் பாதியாவது நல்லதுதான். கப்பியின் விலை வின்ச்சின் விலையில் ஒரு சிறு பங்கு. 12,000 பவுண்டு வின்ச் வாங்கிக் கப்பி வாங்காதவரைவிட, 9,500 பவுண்டு வின்ச்சும் கப்பியும் வைத்திருப்பவர் சேற்றில் பலசாலி.

ஆனால் பலம் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். வண்டியை 5 டன் விசையில் இழுத்தால் அந்த 5 டன்னையும் தாங்கிக்கொள்வது எதிர்முனையில் கட்டியிருக்கும் பொருள்தான். வின்ச்சைப் பெரிதாக்கினாலும் கப்பி போட்டாலும் அந்தச் சுமை குறையாது. உத்திரமேரூரில் கட்டுவதற்கு என்ன இருக்கிறது?

கரையில் பனை இருக்கிறது. மாநில மரம், உறுதியான மரம். சல்லி வேர்கள் கரை மண்ணைக் கவ்விப் பிடித்திருக்கின்றன. அந்த வேர்களுக்காகத்தான் நம் முன்னோர் கரையில் பனை வைத்தார்கள், அதனால் அதை இழுக்கும்போது நாம் கரையையும் சேர்த்து இழுக்கிறோம். தொடர்மழையில் ஊறிய கரையில் தனியாக நிற்கும் பனையில் 5 டன் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கொடுத்தே ஆகவேண்டும் என்றால் அகலமான பெல்ட்டை மரத்தின் அடியில், கணுக்கால் உயரத்தில் சுற்றி, இரண்டு மரங்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். கம்பியை நேரடியாக மரத்தில் சுற்றுவது மரத்தை அறுப்பதற்குச் சமம். ஏரி உள்வாயில் வனத்துறை நட்ட கருவேல மரங்கள் சில இடங்களில் நிற்கின்றன. வயசான கருவேலம் நன்றாகத் தாங்கும். சீமைக் கருவேலம் பல கிளையாகப் பிரிந்து நிற்பதால், எல்லாக் கிளையையும் சேர்த்து அடியில் கட்டாவிட்டால் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு வரும்.

கட்டக் கூடாதவற்றின் பட்டியலும் இந்த ஊருக்கே உரியது. முதலாவது மின்கம்பம். சிமெண்ட் கம்பம் மின்கம்பிகளையும் காற்றையும் தாங்கத்தான் வார்க்கப்பட்டது, பல டன் பக்கவாட்டு இழுப்புக்கு முறியும், முறிந்தால் கம்பி தண்ணீரில் விழும், அந்தத் தண்ணீரில் நாம் நிற்கிறோம். போர்வெல் கேசிங் பைப், சர்வே கல், மதகின் கல்தூண் எதுவும் ஆகாது. மதகும் கலங்கலும் ஊருடைய சொத்து. உத்திரமேரூருக்கு வெளியூர்க்காரர்கள் பராந்தகச் சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலையைப் படிக்க வருகிறார்கள், அதே கல்வெட்டில் ஏரி வாரியம் என்று ஒரு குழுவும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே குழு வைத்துக் காத்த கரையில் டயர் புதைக்கக் குழி வெட்டுவது அழகல்ல. இன்று பெரிய ஏரிகள் நீர்வளத் துறையிடமும், ஆயக்கட்டு 100 ஏக்கருக்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன. கரையை வெட்டினால் வந்து கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

மரமே இல்லாத இடத்துக்கு இரண்டு உபாயங்கள் உண்டு. ஒன்று, ஸ்டெப்னி டயரைக் கெட்டி நிலத்தில் புதைப்பது. இழுக்கும் திசைக்குக் குறுக்கே இடுப்பளவு பள்ளம் வெட்டி, டயரை நிமிர்த்தி இறக்கி, பெல்ட் வெளியே வர ஒரு சாய்வான வாய்க்கால் எடுத்து, மண்ணை மிதித்து மூட வேண்டும். நன்றாகப் பிடிக்கும், மீண்டும் தோண்டி எடுப்பதுதான் வேலை. இன்னொன்று கடப்பாரை. முன்வரிசையில் மூன்று, அதன்பின் இரண்டு, கடைசியில் ஒன்று என்று ஆறு கடப்பாரைகளை இழுக்கும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சற்றுச் சாய்த்து அடித்து, முன்வரிசையின் தலையைப் பின்வரிசையின் அடியோடு கயிற்றால் முறுக்கி இறுக்குவது ராணுவப் பொறியாளர்களின் பழைய முறை. நல்ல காய்ந்த மண்ணில் அது தாங்குவது சுமார் 1.8 டன் என்று கணக்கு, ஈர மண்ணில் அதில் பாதியை நம்பினால் போதும். ஆறு கடப்பாரையும் வியர்வையும் சேர்ந்து ஒரு டன் என்றால், 12,000 பவுண்டு வின்ச் எதற்கு என்ற கேள்வி தானாக வருகிறது.

வசதியான நங்கூரம், கரைமேல் நிற்கும் இன்னொரு வண்டிதான். டிராக்டர் புதையாமல் கெட்டித் தரையில் நின்றபடி கலப்பையைத் தரையில் ஊன்றிக்கொண்டால் அதைவிட நல்ல கட்டுமிடம் கிடையாது. இப்படிச் செய்யும்போது டிராக்டர்காரர் இழுக்க வேண்டியதில்லை, நின்றால் போதும். வரப்பும் பிழைக்கும்.

திசையும் கட்டுமிடமும் இப்படி இருக்கும்போது வின்ச்சை எங்கே மாட்டுவது? என் பார்வையில், வயல் வேலைக்குப் போகும் பிக்கப்புக்கு நிரந்தரமான முன்பம்பர் வின்ச்சைவிடக் கழற்றி மாட்டும் தொட்டில் மேல். வண்டியின் முன்னும் பின்னும் சேசிஸோடு பிணைத்த இரண்டு அங்குலச் சதுரக் குழாய் ஒவ்வொன்று, வின்ச் ஒரு தொட்டிலில், தேவைப்படும் முனையில் செருகிப் பின் போட்டுக்கொள்ளலாம். குறை இருக்கிறது: இந்த அளவு வின்ச் கம்பியோடு 40 கிலோ வரும், தொட்டிலையும் சேர்த்தால் சேற்றில் நின்று ஒரு ஆள் தூக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். அந்தக் குழாயும் பின்னும் எந்த எடைக்குச் செய்தவை என்பதையும் பார்க்க வேண்டும். கேரவன் இழுக்கச் செய்த சாதனம் எல்லாம் நேரான இழுப்புக்கு மட்டுமே, பக்கவாட்டில் இழுத்தால் முறுக்கிக்கொள்ளும்.

பின்னால் மாட்டுவதில் கண்ணுக்குத் தெரியாத செலவு ஒன்று இருக்கிறது: மின்சாரம். முழுச் சுமையில் 12 வோல்ட் வின்ச் 400 ஆம்பியர் உறிஞ்சும். வண்டியின் ஆல்டர்னேட்டர் தருவது 100 ஆம்பியர் அளவில், மீதியெல்லாம் பேட்டரியிலிருந்து. பேட்டரி முன்னால் இருக்கிறது. முன்வின்ச்சுக்குப் போக 2 மீட்டர், வர 2 மீட்டர்: 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் இழப்பு முக்கால் வோல்ட்டுக்குச் சற்று மேல். பின்வின்ச்சுக்குப் போக வர 10 மீட்டர் ஆகிறது, அதே கேபிளில் 2 வோல்ட் போய்விடும். 12இல் 2 போனால் மோட்டார் திணறும், சூடாகும், கான்டாக்டர் ஒட்டிக்கொள்ளும். அதனால் பின்னால் கொண்டுபோகும் கேபிள் 70 சதுர மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. வெல்டிங் கேபிள் வளைந்துகொடுக்கும், கிடைக்கவும் செய்யும், ஆனால் செம்பா, செம்பு முலாம் பூசிய அலுமினியமா என்று வெட்டிப் பார்த்து வாங்க வேண்டும். எர்த் வயரைச் சேசிஸில் எங்கோ முடுக்கிவிட்டு விடுவது இங்கே வழக்கம், அது உதவாது, நெகட்டிவும் பேட்டரியிலிருந்தே வரவேண்டும். பேட்டரி அருகிலேயே ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்து, வேலை இல்லாதபோது முழு லைனையும் செத்ததாக வைத்திருப்பது நல்லது. சேசிஸில் உரசி இன்சுலேஷன் போன அந்தத் தடித்த கேபிளோடு இணைந்திருக்கும் பேட்டரி, வெல்டிங் மெஷினுக்குச் சமானம்.

முன்னாலேயே நிரந்தரமாகத்தான் வேண்டும் என்பவர்களும் இருப்பார்கள். குவாரிப் பாதையில் மேடேறுபவர்கள், மலைப்பக்கம் போகிறவர்கள். அவர்களிடம் பட்டறையில் சொல்லப்படும் வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான்: “சார், பம்பர்லயே நாலு போல்ட் போட்டுரலாம், அசையாது.” பம்பர் தகரம் அசையாமல் இருக்கலாம், அப்படியே பிய்ந்து வரும். போலேரோ பிக்கப்போ வி-கிராஸோ ஹைலக்ஸோ எல்லாம் ஏணிச் சேசிஸ் வண்டிகள். அந்தச் சேசிஸின் இரண்டு நீளக் கைகளிலும் விசை சமமாகப் போய்ச் சேர்வதுபோல் குறைந்தது 6 மில்லிமீட்டர் தகடு வேண்டும். பெரும்பாலான வின்ச்சுகளின் நான்கு போல்ட் துளைகள் 254-க்கு 114 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். போல்ட் தலையில் 8.8 என்று பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் தலையில் ஒன்றும் இருக்காது, அதுதான் அதற்கு அடையாளம். சேசிஸில் வெல்டிங் வைப்பதற்குப் பதில், நிறுவனம் ஏற்கெனவே விட்டிருக்கும் துளைகளைப் பயன்படுத்துவது உத்தமம். முன்முனையில் மோதலின்போது மடங்குவதற்கென்றே விட்ட இடத்தை வெல்டிங்கால் கெட்டிப்படுத்தினால், அடுத்த மோதலில் மடங்குவது உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள்தான்.

மாட்டும்போது நடக்கும் ஒரு தவறு மிகவும் பொதுவானது, ஆபத்தானதும்கூட. வின்ச்சின் உள்பிரேக் ஒரே திசையில்தான் பிடிக்கும். கயிறு டிரம்மின் அடிப்பக்கமாக வெளியே வரவேண்டும். யாராவது கயிற்றை மேல்பக்கமாகச் சுற்றிவிட்டு, ‘இன்’ அழுத்தினால் ‘அவுட்’ போகிறதே என்று மோட்டார் வயரை மாற்றிப் போட்டுவிடுவார்கள். வேலை செய்வதுபோலத்தான் தெரியும். மேட்டில் வண்டியைப் பிடித்துக்கொண்டு பட்டனை விட்டதும் வண்டி பின்னால் நழுவ ஆரம்பிக்கும்போதுதான் தெரியும். புதுக் கயிற்றையும் அப்படியே சுற்றி விட்டுவிடக் கூடாது: லேசான சரிவில் வண்டியின் எடையே இழுக்கும்படி வைத்து, வரிவரியாக, இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றியிருந்தால் முதல் பெரிய இழுப்பில் மேல் வரி கீழ் வரிக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும்.

இரும்புக் கம்பியா, சிந்தெடிக் கயிறா என்பதில் இரண்டு கட்சி உண்டு. 9 மில்லிமீட்டர் கம்பி 28 மீட்டர் பத்து கிலோவை நெருங்கும், சிந்தெடிக் இரண்டு, மூன்று கிலோதான், தண்ணீரில் மிதக்கும், அறுந்தால் இரும்புக் கம்பியைப்போலச் சாட்டையாக வீசாது. சேற்றில் கையாளுவதற்கு அதுவே சுகம். ஆனால் ஏரி வண்டல் இழைகளுக்குள் புகுந்து அரைக்கும், வெயில் அதை மெல்லத் தின்னும், 150 டிகிரியை நெருங்கும்போது உருகத் தொடங்கும். டிரம்முக்குள் பிரேக் வைத்த வின்ச்சில், சுமையோடு கயிற்றை நீண்ட நேரம் வெளியே விட்டால் டிரம் அந்தச் சூட்டை எட்டிவிடும். சிந்தெடிக்குக்கு மாறுகிறவர்கள் முன்னால் இருக்கும் உருளையையும் மாற்றியே தீரவேண்டும்: கம்பி தேய்த்துக் கீறிய உருளை, கயிற்றை அரம்போல அறுக்கும். வண்டியை வாரந்தோறும் கழுவி நிழலில் நிறுத்துபவர் சிந்தெடிக் வாங்கலாம். வைக்கோல் போரடியில் மழையிலும் வெயிலிலும் நிற்கும் வண்டிக்குக் கம்பியே மேல். கம்பி என்றால் தோல் கையுறை, அதன்மேல் நடுவில் போட ஈரச் சாக்கு, கப்பி போட்ட கயிற்றின் மடிப்புக்குள் ஆள் நிற்காமை. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை விரட்டுவது வின்ச்காரரின் பொறுப்பு, ஊராருடையதல்ல.

சட்டம் பற்றியும் பேசியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, நிறுவனம் தந்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2017 டிசம்பரில் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதி, முன்னால் மாட்டும் புல் பார்களை அகற்ற நடவடிக்கை எடுக்கச் சொன்னது: நடந்துபோகிறவர் மீது மோதினால் உயிர்போகும் என்பது காரணம். 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்ச நீதிமன்றமும் நிறுவன வடிவத்துக்கு முரணான மாற்றம் கூடாது என்றது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்று எழுதப்பட்டது. பெரிய இரும்பு பம்பரும் அதில் துருத்திக்கொண்டிருக்கும் வின்ச்சுமாகச் செங்கல்பட்டு நெடுஞ்சாலையில் போகிறவர் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இந்த மாற்றத்தைத்தான். கழற்றி மாட்டும் தொட்டிலைச் சாலையில் போகும்போது கழற்றிப் பின்னால் போட்டுக்கொள்ளலாம் என்பது அதற்கு இன்னொரு சாதகம்.

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் சரக்கு பிக்கப்புக்கு, மேலே சொன்ன எதுவும் வேண்டாம் என்பது என் துணிபு. அந்த வண்டிக்காரருக்குக் கையால் ஆட்டி இழுக்கும் டிர்ஃபார் போதும். 1.6 டன் டிர்ஃபார், அதற்குரிய கம்பி, ஒரு கப்பி, இரண்டு பெல்ட். பேட்டரி வேண்டாம், வண்டியின் எந்த முனையிலும் மாட்டலாம், எர்த் வயர் தேட வேண்டாம், ஆர்.டி.ஓ.வும் கேட்க மாட்டார். கை வலிக்கும், மெதுவாகத்தான் வரும். கப்பியோடு 3 டன் வரும், மண்ணை வெட்டிவிட்டால் பெரும்பாலும் அது போதும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலின்போது சாய்ந்ததுபோல் மரங்கள் சாலையில் விழுந்தால், அறுத்த துண்டுகளை ஓரம் இழுப்பதற்கும் இதுவே கைக்கு அடங்கிய கருவி.

டிர்ஃபாரை விட்டு மின்வின்ச்சுக்கே போகிறவர் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கம் வீட்டில் வின்ச் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த வாரமே யாராவது வந்து, போர்வெல் மோட்டாரைக் கழற்றித் தர முடியுமா என்று கேட்பார்கள். மோட்டார் ஏற்றி இறக்க முக்காலியும் தனி வின்ச்சும் வைத்த வண்டிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன, அவற்றின் பல்சக்கரம் வேறு, பிரேக் வேறு. வண்டி மீட்கும் மின்வின்ச்சால் தரையில் இழுக்கலாமே தவிரத் தூக்கக் கூடாது என்று அதைச் செய்பவர்களே கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். குழாயோடு தொங்கும் மோட்டார் நழுவினால் நஷ்டம் பணம்தான். கிணற்றுக்குள் ஆளை இறக்க அதே வின்ச்சைக் கேட்பவர்களும் உண்டு, அவர்களிடம் முகம் பார்க்காமல் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

வாங்கியபிறகு ஒரு வருஷம் தொடாமல் விடப்பட்ட வின்ச்சுகள்தான் அதிகம் கெட்டுப்போகின்றன. மழைநீர் மோட்டாருக்குள் புகுந்து உள்பாகங்கள் துருவேறுகின்றன, விடுவிக்கும் லீவர் இறுகுகிறது. ஐ.பி. 67 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஏரிக்கால்வாயைத் தாண்டிய வண்டியில் நீர் புகாது என்று யாரும் உறுதி தர முடியாது. ஆடி முடிவதற்குள் ஒரு முறை கயிறு முழுவதையும் வெளியே இழுத்துக் கழுவி, பிய்ந்த இடம் இருக்கிறதா பார்த்து, காயவைத்து, சுமையோடு இறுக்கிச் சுற்றி வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் இன்னொரு முறை. கப்பியின் அச்சுக்குக் கொஞ்சம் கிரீஸ், பேட்டரி முனைகளுக்குக் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி, ரிமோட்டை எலி கடிக்காத இடத்தில்.